பல கைகளில் வளர்ந்த மரம்

திருவள்ளூருக்குத் தெற்கே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்பாறையைப் பிளந்தால், 10 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட இலைத்தடங்கள் தென்படும். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அலைந்து திரட்டியவை கல்கத்தா போயின. பொஹீமியாக்காரர் ஃபைஸ்ட்மான்டல் 1879-இல் அவற்றை வகைப்படுத்தினார். 1920-இல் தொல்தாவரவியலாளர்கள் சீவர்டும் பீர்பல் சாஹ்னியும் இந்தியத் தொல்தாவரங்களின் பழைய பெயர்களை மறுபடி உரசிப் பார்த்தார்கள். எழுதியதைத் திருத்த வருகிறவருக்கும் இடம் விடும் அறிவியலின் இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இங்கே கிடைக்கும் டிலோஃபில்லம் என்ற தொல்தாவர இலையையே பாருங்கள். சீப்புப்பல் போன்ற சிற்றிலைகள். பார்வைக்குச் சைகஸ் இலையேதான். இலைத்தோலின் நுண்துளை அமைப்புதான் அது அழிந்துபோன வேறொரு குலம் என்று காட்டிக்கொடுக்கும். பாறையில் இலை, தண்டு, பூ எல்லாம் தனித்தனியாகவே சிக்கும். ஆகவே தனித்தனிப் பெயர்கள். ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த அத்தகைய துண்டுகளை 1932-இல் சாஹ்னி ஒரே மரமாக நிமிர்த்தினார். அதற்கு வில்லியம்சோனியா சீவர்டியானா என்று, கேம்பிரிட்ஜில் தமக்குக் கற்பித்த சீவர்டின் பெயரையே சூட்டினார்.