மாற்றியது எது, மாறியது எது?

ரேடியோ கட்டுப்பாட்டு மாடல் ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களிடம் பெட்டியில் வந்தபடியே பறக்கும் இயந்திரத்தைப் பார்ப்பது அரிது. பிளாஸ்டிக் ரோட்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு அலுமினிய ஹெட், பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பதில் கார்பன் சட்டம், வேகமான சர்வோ, ஒரு பல் கூடுதலான பினியன் என்று மாற்றிக்கொண்டே போவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி. தைவானின் அலைன் நிறுவனம் கொண்டுவந்த டி-ரெக்ஸ் 450 இந்த வழக்கத்துக்குப் பெரிய களம் அமைத்துக் கொடுத்தது. அதன் அளவுகளையே பின்பற்றி வேறு நிறுவனங்களும் ஹெலிகாப்டர்கள் செய்தன. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தியதால் அப்கிரேடு பாகங்களுக்கென்றே ஒரு சந்தை வளர்ந்தது. மாற்றிப் பார்க்கும் ஆர்வம் நல்லது. இந்த இயந்திரங்கள் இன்று எட்டியிருக்கும் துல்லியத்தில் அந்த ஆர்வத்துக்குப் பெரிய பங்குண்டு. கோளாறு இருப்பது சோதனையில். நடக்கும் சோதனைகளில் பல, 'இந்தப் பாகத்தால் பயனில்லை' என்ற விடையைத் தரவே முடியாத விதத்தில் அமைந்திருக்கின்றன.

நல்ல அப்கிரேடு எப்படி இருக்கும் என்பதற்குத் த்ரஸ்ட் பேரிங் தெளிவான சான்று. பிளேடு சுழலும்போது அது தன்னைப் பிடித்திருக்கும் கிரிப்பை வெளிப்பக்கமாக இழுக்கிறது. சாதாரண பேரிங் குறுக்குச் சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. நீளவாக்கில் வரும் இழுப்பில் அது சீக்கிரம் தேய்ந்து இறுகும். சில சிறிய மாடல்களின் டெயில் கிரிப்பில் த்ரஸ்ட் பேரிங் இருக்காது. அதனால் டெயில் சர்வோ எவ்வளவு உழைத்தாலும் பிளேடின் கோணம் தயங்கித் தயங்கித்தான் மாறும், வால் ஒரு நிலையில் நிற்காது. த்ரஸ்ட் பேரிங் உள்ள கிரிப்பைப் போட்டால் இந்தக் குறை நேரடியாகத் தீர்கிறது. குறை இன்னதென்று தெரியும், அதன் காரணம் தெரியும், புதிய பாகம் அந்தக் காரணத்தை எப்படி நீக்குகிறது என்பதையும் சொல்ல முடிகிறது. இந்த மூன்றும் சேர்ந்த அப்கிரேடுகள் உண்டு, ஆனால் குறைவு. ஃபிளைபாரை நீக்கிவிட்டு மூன்று அச்சுக் கைரோவின் துணையோடு பறப்பதும் அந்த வகைதான். குறுக்குத் தண்டும் துடுப்புகளும் போனதால் காற்றுத் தடை குறைந்தது, உடையக்கூடிய பாகங்களும் குறைந்தன. ஆனால் அதுவரை ஃபிளைபார் சுமந்த வேலை சர்வோக்களின் தலையில் ஏறியது. அதிர்வு மிகுந்தால் அதை ஹெலிகாப்டரின் அசைவு என்றே கைரோ தவறாகப் படிக்கும். அதனால் சர்வோ, பிளேடு, மின்சாரம் கொடுக்கும் பி.இ.சி. ஆகியவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. தனியாக மாறும் பாகம் என்று இந்த இயந்திரத்தில் எதுவுமே இல்லை.

இதைப் பினியனில் எண்களாகவே பார்த்துவிடலாம். 450 வகுப்பில் 3500 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று) மோட்டார், 11.1 வோல்ட் பேட்டரி, 150 பல் மெயின் கியர் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர் இல்லாமல் முழு த்ராட்டிலில், சுமையால் வேகம் 15 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டால், 12 பல் பினியனில் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 2640 சுற்று சுற்றும், 13 பல் பினியனில் சுமார் 2860. வித்தியாசம் எட்டு சதவீதம்தான். ஆனால் பிளேடின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 30 கிராம் பிளேடின் எடை மையம் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தால், ஒவ்வொரு கிரிப்பும் தாங்கும் இழுப்பு 47 கிலோ எடை அளவிலிருந்து 55 கிலோவுக்குப் போகிறது. பிளேடின் காற்றுத் தடையை வெல்லத் தேவையான சக்தியோ ஏறக்குறைய வேகத்தின் கனத்தில் ஏறும், அதாவது கால் பங்குக்கும் மேல் கூடும். மோட்டாரும் ஸ்பீடு கண்ட்ரோலரும் கூடுதலாகச் சூடாகும், பறக்கும் நேரம் குறையும். ஆனால் பறப்பவருக்கு முதலில் தெரிவது, கை அசைத்த உடனே ஹெலிகாப்டர் திரும்புகிறது என்பது மட்டும்தான். அந்த அனுபவம் உண்மையானதே. கிரிப், இரு கிரிப்புகளையும் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்ட், போல்ட் மூன்றும் கொடுத்த விலை அதில் தெரிவதில்லை.

உலோகத்தின் மேல் உள்ள மோகம் இதைவிடச் சிக்கலானது. அலுமினிய ஹெட்டில் தளர்ச்சி குறைவு, பேரிங் இருக்கைகள் நீண்ட நாள் உருமாறாமல் இருக்கும், ஆணி மரை எளிதில் போகாது. இவையெல்லாம் உண்மையான பயன்கள். ஆனால் விழுந்த ஹெலிகாப்டரில் பிளாஸ்டிக் கிரிப் முறிந்தால் அது கண்ணுக்குத் தெரியும். அலுமினிய கிரிப் இம்மி வளைந்திருந்தால் தெரியாது. அடுத்த முறை பறக்கும்போது காரணம் புரியாத அதிர்வாகத்தான் வெளிப்படும். உலோகம் முறியாமல் நின்றதால் அடி அதற்கு அடுத்த பாகத்துக்குப் போய், மெயின் ஷாஃப்ட்டோ சர்வோவின் பற்சக்கரமோ பலியாகும். 'தயாரிப்பாளர்களே பிறகு வந்த பதிப்புகளில் உலோக ஹெட்டும் கார்பன் சட்டமும் கொடுத்தார்களே' என்று கேட்கலாம். கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் ஹெட், சட்டம், டேம்பர், ஷாஃப்ட் அனைத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்த்து வடிவமைத்துக் கொடுத்தார்கள். அப்போதும் மெயின் கியரையும் பால் லிங்குகளையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே விட்டுவைத்தார்கள். மின்சுற்றில் ஃபியூஸ் போல, முதலில் போக வேண்டிய பாகம் எது என்பதை அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தனித்தனிப் பொட்டலமாக வாங்கி ஒவ்வொன்றாக உலோகமாக்குபவர் அந்த வரிசையைத் தெரியாமலே கலைத்துவிடுகிறார்.

சோதனைக்கு வருவோம். ஹெட்டை மாற்றுபவர் அதைக் கழற்றும்போதே பழைய பேரிங்கையும் மாற்றுகிறார், டேம்பரைப் புதிதாகப் போடுகிறார், ஃபெதரிங் ஷாஃப்ட்டைக் கண்ணாடியில் உருட்டி வளைவு பார்க்கிறார், கிரீஸ் வைக்கிறார், லிங்க் நீளத்தைத் திருத்துகிறார், பிளேடின் டிராக்கிங்கையும் சரிசெய்கிறார். பிறகு ஹெலிகாப்டர் அருமையாகப் பறக்கிறது. புகழ் மொத்தமும் அலுமினியத்துக்குப் போகிறது. அதே பராமரிப்பைப் பழைய பிளாஸ்டிக் ஹெட்டுக்குச் செய்திருந்தால் எவ்வளவு முன்னேற்றம் கிடைத்திருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை. மாற்றத்துக்கு முன்னால் எதையும் அளந்து வைக்கவில்லை என்பது இன்னொரு ஓட்டை. இன்றைய ஃபிளைபார் இல்லாத கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் அதிர்வைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஊகத்துக்கு இடமே குறையும். 2860 சுற்றில் மெயின் ரோட்டரின் அதிர்வு 48 ஹெர்ட்ஸ் அருகில் தெரியும். டெயில் ரோட்டர் அதைவிட நாலரை மடங்கு வேகமென்றால் அதன் அதிர்வு 215 அருகில் வரும், 13 பல் பினியனோடு மோட்டாரின் அதிர்வு 550 அருகில். 215-இல் உயரம் காட்டும் ஹெலிகாப்டருக்கு விலை உயர்ந்த மெயின் ஹெட் வாங்குவதில் பொருளில்லை. டெயில் பிளேடு, டெயில் ஷாஃப்ட், அதன் பேரிங் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடையும் இந்த அளவிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே பராமரிப்பு முழுவதையும் பழைய பாகத்தோடு முதலில் முடித்து, பறந்து அளக்க வேண்டும். பிறகு ஒன்றை மட்டும் மாற்றி அளக்க வேண்டும். கடைசியாகப் பழையதை மறுபடி பொருத்தி, பழைய குறை திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடியது அந்த ஒரு படிதான்.

இது பொழுதுபோக்கு, ஆய்வுக்கூடம் இல்லை என்ற மறுப்பை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். மகிழ்ச்சிக்காகப் பறப்பவரிடம் பொறியாளரின் ஒழுங்கைக் கேட்பது அதிகம்தான். வெறும் தோற்றத்துக்காக விதானத்தின் நிறத்தை மாற்றுபவரிடம் யாரும் சோதனை கேட்கப் போவதில்லை. ஆனால் சுழலும் பாகங்கள் வேறு வகை. 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர், தாம் பறக்கவிட்ட மாடல் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு இறந்தார். பிளேடு கிரிப்பையோ அதன் போல்ட்டையோ மாற்றியவர், முதல் ஓட்டத்தை ஆட்கள் இல்லாத இடத்தில், தூரத்தில் நின்று, வேகத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் ஆகாது. காற்றும் பறப்பவரின் கையும் நாளுக்கு நாள் மாறும்போது எதை ஒப்பிடுவது என்ற மறுப்பும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. சாகசப் பறத்தலை ஒப்பிட முடியாதுதான். ஆனால் காற்றில்லாத காலையில் ஒரே உயரத்தில் ஹோவர் செய்வதை, இறங்கிய பின் மோட்டாரின் வெப்பத்தை, பேட்டரியில் திரும்ப ஏறும் மில்லி ஆம்பியர்-மணியை ஒப்பிட முடியும்.

விற்பவர்கள் மீதும் பொறுப்பு இருக்கிறது. பொட்டலங்களில் நிறமும் எந்த மாடலுக்கு என்பதும் அச்சிட்டிருக்கும். எடை, உலோகக் கலவையின் தரம், பேரிங் இருக்கையின் அளவுத் துல்லியம் ஆகியவை பல நேரங்களில் இருப்பதில்லை. அவை வரும்வரை வாங்குபவர் தாமே சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். ஜோடி கிரிப்புகளைத் துல்லியமான சிறு தராசில் தனித்தனியே வைத்து இரண்டும் ஒரே எடையா என்று பார்க்கலாம். பேரிங் இருக்கையில் ஆடுகிறதா என்று விரலால் தொட்டறியலாம். த்ரஸ்ட் பேரிங்கின் பெரிய துளையுள்ள வளையம் ஹெட்டின் பக்கமாக இருக்கிறதா என்று பிரித்து உறுதிசெய்யலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாகத்தைப் பறக்கவிடாமலே திருப்பி அனுப்பிவிடலாம்.