பச்சை மேசையும் மரணத்தின் ஆட்டமும்

ஆடற்கலை என்றவுடன் அரங்க அலங்காரத்தையும் பொழுதுபோக்கையும் மட்டுமே எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதிகாரத்தை நோக்கி விரல் நீட்டவும் அக்கலையால் இயலும் என்பதற்கு, ஜெர்மானியக் கலைஞர் குர்ட் யோஸ் அமைத்த 'பச்சை மேசை' தக்கதொரு சான்றாகும். 1932 ஜூலையில் பாரிஸ் நகரில் நடைபெற்ற அனைத்துலகப் போட்டியில் முதற்பரிசு பெற்ற இப்படைப்பு, சொல் ஏதுமின்றி, இரண்டு பியானோக்களின் இசையோடு எட்டுக் காட்சிகளாக விரிகிறது.

பச்சை நிற மேசையைச் சுற்றிக் கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்த கனவான்கள் பதின்மர். பணிவோடு வணங்குகின்றனர், வாதிடுகின்றனர், முடிவில் கைத்துப்பாக்கிகளை உயர்த்திச் சுடுகின்றனர். போர் மூண்டுவிடுகிறது. அதன்பின் மேடை மரணத்தின் ஆட்சிக்குள் வருகிறது. முதல் அரங்கேற்றத்தில் மரணமாக ஆடியவர் யோஸ் அவர்களே. போர்வீரன், முதிய தாய், எதிர்த்துப் போராடிய பெண், போரால் சீரழிக்கப்பட்ட இளநங்கை என ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய அடவில் அது அழைத்துச் செல்கிறது. தாயிடம் மட்டும் அதன் கரங்கள் கனிவு காட்டுவதை என்னென்பது!

லூபெக் நகரத் தேவாலயத்தில் இருந்த பழைய 'மரண நடன' ஓவியமே யோஸுக்குத் தூண்டுதலாயிற்று. அரசனும் ஆண்டியும் சாவின் முன் ஒன்றே என்பது அவ்வோவியம் உரைத்த அறம். யோஸ் அதனைத் தலைகீழாக்கினார். இங்கே மரணம் எல்லாரையும் தீண்டுகிறது. மேசையைச் சூழ்ந்தவர்களை மட்டும் தீண்டுவதில்லை. இறுதிக் காட்சியில் அதே மேசை, அதே கனவான்கள், அதே வணக்கங்கள்! இப்படைப்பின் கண்டனம் முழுவதும் இந்த ஒரு விதிவிலக்கில்தான் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

மரணத்தை இத்துணைப் பேருருவாகக் காட்டுவது, மனிதர் செய்த குற்றத்தை விதியின் தலையில் சுமத்துவதாகாதா எனச் சிலர் வினவக்கூடும். மேசைக் காட்சி தொடக்கத்தில் மட்டும் அமைந்திருப்பின் அவ்வினா பொருந்தும். முடிவிலும் அது மீள்வதால், மரணம் ஏவலாளாகிறது. ஏவியவர் யாரெனப் பார்வையாளர் அறிந்து கொள்கின்றனர். எந்த நாட்டின் பெயரும் கூறப்படாததால், எந்த நாட்டாரும் தம்மை விலக்கிக்கொள்ளவும் இயலாது.

மேடைக்கு வெளியிலும் சோதனை வந்தது. 1933-இல் நாஜிகள், குழுவிலிருந்த யூதர்களை, இசையமைத்த பிரிட்ஸ் கோஹென் உட்பட, நீக்குமாறு வற்புறுத்தினர். யோஸ் மறுத்தார், குழுவோடு நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். தோழரைக் கைவிட்டு அரங்கைக் காத்திருப்பாராயின், பச்சை மேசையில் அவருக்கும் ஓர் இருக்கை கிடைத்திருக்கும்.

லூபெக் ஓவியம் 1942-இல் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலாயிற்று. துணியில் தீட்டியது அழிந்தது. உடலில் எழுதியது அழியவில்லை. யோஸ் 1979-இல் மறைந்த பின்னரும், ஆடுவோர் தலைமுறை மாறி மாறி அதனை ஆடி வருகின்றனர். மேசைகள் இருக்கும் வரை இந்த ஆட்டத்துக்கும் வேலை இருக்கும்.