சேமித்த லூப்பின் மேல் ஒரு தனிக் கிடார்: எப்படி ரசிப்பது?

2025 ஜனவரி 30 அன்று புனே யஷ் லான்ஸில் எட் ஷீரன் பாடினார். மேடையில் பெரும்பாலான நேரம் அவர் ஒருவர்தான். கிடாரின் உடம்பைத் தட்டுவார், காலால் ஒரு பெடலை அழுத்துவார், தட்டிய ஒலி தாளமாகச் சுழலத் தொடங்கும். அதன் மேல் கார்டுகள், அதற்கும் மேல் குரல். பிப்ரவரி 5 அன்று சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பார்த்தவர்களுக்கும் இது தெரியும். எல்லா அடுக்கும் நம் கண் முன்னால் பிறக்கிறது என்பதில்தான் அந்தக் கச்சேரியின் கிளர்ச்சி.

புனேயின் ஏரவாடாவில் குடியிருக்கும் நமக்கு வாரக் கடைசியில் கிடைப்பது வேறு மாதிரி. பக்கத்தில் கல்யாணி நகர், பாலம் தாண்டினால் கோரேகாவ் பார்க். அங்கே கஃபேக்களில் தனியாக வாசிக்கும் இளைஞர்கள் பலர் வீட்டிலேயே லூப்பைப் பதிந்து, பெடலில் சேமித்து வைத்து, மேடையில் அதை ஓடவிட்டு அதன் மேல் வாசிக்கிறார்கள். “மைனஸ் ட்ராக் போட்டு வாசிக்கிறான், இதில் என்ன இருக்கிறது?” என்று நம் ஆட்கள் சொல்லக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மாறாத ஒரு சுழற்சியின் மேல் ஒவ்வொரு நாளும் புதிதாக வாசிப்பது கடினமான கலை. இந்த ஊர் ரசிகர்கள் அதைத் தலைமுறைகளாக ரசித்து வருகிறார்கள், லெஹரா என்ற பெயரில்.

தபலா தனி வாசிப்பிலும் கதக் நடனத்திலும் ஹார்மோனியமோ சாரங்கியோ ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். தீன் தாளத்தில் பதினாறு மாத்திரைக்கு ஒரு மெட்டு, ஓர் ஆவர்த்தனம் முடிந்ததும் மறுபடி அதே மெட்டு. அதுதான் லெஹரா. ஜாகிர் உசேன் தனி வாசித்த எத்தனையோ மேடைகளில் சுல்தான் கானின் சாரங்கி இந்த வேலையைச் செய்தது. மெட்டு மாறாது. மாறக் கூடாது. கணக்கு அதனிடம் இருப்பதால்தான் தபலாக்காரர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்விட்டு, முதல் மாத்திரையில், அதாவது சம்மில், வந்து விழ முடிகிறது.

நம் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் மெட்டு ஓடுவதில்லை. தாளம் போடும் கைதான் கணக்கு. அதனால் தமிழ்க் காதுக்கு லெஹரா முதலில் சலிப்பாகப் படலாம். ஒரு வழி சொல்கிறேன். தீன் தாள லெஹராவோடு ஒரு தபலா பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு களை ஆதி தாளம் போட்டால் பதினாறும் அப்படியே பொருந்தும். முதல் பத்து நிமிடம் தபலாவை விட்டுவிட்டு மெட்டை மட்டும் கேளுங்கள், அடுத்த ஆவர்த்தனம் எங்கே பிறக்கிறது என்று கை தானாகச் சொல்லும்வரை. பிறகு தபலாவுக்கு வாருங்கள். ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும் திஹாய் சம்மில் விழும் கணத்தில் ‘ஆ’ என்று வாய் திறக்கும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் கஃபே கிடார்காரர் உங்களுக்கு வேறு ஆளாகத் தெரிவார்.

இன்னொரு பள்ளிக்கூடம் தெருவிலேயே இருக்கிறது. கணபதி விழாவுக்குச் சில வாரம் முன்பே புனேயில் டோல்–தாஷா குழுக்கள் பயிற்சியைத் தொடங்கிவிடும். டோல்கள் ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி அடிக்க, தாஷா மட்டும் மேலே ஏறி விளையாடும். சத்தத்தில் மலைத்துப்போகாமல் தாஷாவைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

முன்பே பதிந்ததை மேடையில் ஓட்டுவது லூப் பெடலுக்கும் முந்தியது. கிடார் கலைஞர் லெஸ் பால், பாடகி மேரி ஃபோர்டு இருவரின் ‘ஹவ் ஹை தி மூன்’ 1951இல் வெளிவந்தபோது ஒரே கிடாரும் ஒரே குரலும் பல அடுக்காகக் கேட்டன. மேடையிலும் ஜனங்கள் அதையே எதிர்பார்த்தார்கள். அதற்காக, கிடாரிலிருந்தே டேப் கருவியை இயக்கும் ஒரு பெட்டியை லெஸ் பால் செய்துகொண்டார். இசையமைப்பாளர் டெரி ரைலியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1963இல் பாரிஸில் இரண்டு டேப் ரெக்கார்டர்களை ஒரே நாடாவால் இணைத்து, செட் பேக்கரின் குழு வாசித்ததையே சுழலவிட்டார். 1970இல் அவரே கிரானா கரானா என்ற இந்துஸ்தானிப் பரம்பரையின் பண்டிட் பிரான் நாத்துக்குச் சீடரானார், குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டினார். புனேயில் 1953இல் சவாய் கந்தர்வ விழாவைத் தொடங்கிய பீம்சேன் ஜோஷியின் கரானாவும் அதுவே. டேப் சுழற்சியில் மூழ்கியவருக்குத் தம்பூராவும் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ‘எ ரெயின்போ இன் கர்வ்டு ஏர்’ என்ற 1969 இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டால் உங்களுக்கும் புரியும்.

இனி கஃபேவுக்கு வருவோம். முதலில் ஒட்டைக் கேளுங்கள், அதாவது லூப் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தை. அவசரமாகப் பதிந்த லூப்பில் அங்கே ஒரு சின்ன ‘டக்’ கேட்கும், அல்லது கடைசிக் கார்டின் கார்வை கத்தரித்தது போல நின்றுவிடும். விஷயம் தெரிந்தவர்கள் அதே பகுதியை இரண்டு சுற்று வாசித்துப் பதிந்து, இரண்டாம் சுற்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். முதல் சுற்றின் கார்வை இரண்டாவதின் தொடக்கத்தில் வந்து கலந்திருப்பதால் ஒட்டு தெரியாது. வேகத்தையும் கணக்குப் போட்டுக் குறித்துவைப்பார்கள். பதினாறு அடி எட்டு விநாடி ஓடினால் நிமிடத்துக்கு 120. டிரம்ஸ்காரரோ இன்னொரு கருவியோ பின்னால் சேரும்போது அந்த எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அடுத்தது இடம். இதைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். வீட்டில் பதியும்போது கை சும்மா இருக்காது. பேஸ், கார்டு, தட்டு, இரண்டு குரல் என்று அடுக்கிக்கொண்டே போகும். தனியாகக் கேட்கப் பிரமாதமாக இருக்கும். மேடையில் அதன் மேல் வாசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. நல்ல லூப் தனியாகக் கேட்டால் கொஞ்சம் ஏழையாகவே இருக்கும், லெஹரா போல. பேஸ் ஒலிக்காத மாத்திரைகள் எவை, கார்டு எங்கே விலகுகிறது, கலைஞரின் விரல் அந்த இடைவெளியில் நுழைகிறதா அல்லது லூப் சொன்னதையே திருப்பிச் சொல்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, அடுக்குகள் எப்படி வருகின்றன, போகின்றன என்பது. பெடலில் ஓவர்டப் செய்தால் பெரும்பாலும் எல்லாம் ஒரே பதிவாகக் கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. பாஸ் ஆர்சி-30 போன்ற பெடலில் 99 லூப்புகள் வரை சேமிக்கலாம், யு.எஸ்.பி. வழியாகக் கணினிக்கும் மாற்றலாம். ஆனால் கலந்தது கலந்ததுதான். அதனால் யோசனையுள்ளவர்கள் ஒவ்வோர் அடுக்கையும் ஒரே நீளத்தில் தனித்தனியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது சரணத்தில் தாளம் மட்டும் நிற்கட்டும், கடைசியில் பேஸ் மட்டும் ஓடட்டும் என்று மேடையிலேயே முடிவெடுக்க அப்போதுதான் முடியும். பார்க்க வேண்டியது காலை. கால் அசையும் தருணம் பாட்டின் பொருளோடு சேர்ந்து வருகிறதா?

சுருதியும் ஒரு சோதனை. சேமித்த லூப்புக்குக் கருணை கிடையாது. இரண்டு கட்டையில் பதிந்திருந்தால், தொண்டை கட்டிய நாளிலும் இரண்டு கட்டைதான். கணினியில் சுருதியை இறக்கலாம், ஆனால் தட்டொலி குழைந்துவிடும். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கி அதே லூப்பைப் புதிதாக வாசித்துப் பதிந்து வைத்திருப்பவர் தன் பாட்டை மதிப்பவர்.

முடிவையும் தவறவிடாதீர்கள். லூப்பைச் சட்டென நிறுத்தலாம், மெல்லத் தேய்த்து நிறுத்தலாம், சுற்று முடியும்வரை ஓடவிட்டும் நிறுத்தலாம். தேய்ந்து முடிவது எனக்குப் பிடிப்பதில்லை. எங்கே முடிப்பது என்று கலைஞர் முடிவெடுக்காதது போல இருக்கிறது. சுற்று முடியும் இடத்துக்கே தன் கடைசிச் சொற்றொடரையும் கொண்டுவந்து சம்மில் இறங்குபவருக்குத் தாராளமாகக் கை தட்டுங்கள்.

ஒரே கலைஞரை ஒரு முறை கேட்டால் இதில் பாதிதான் பிடிபடும். அடுத்த மாதம் அவர் அதே பாட்டை வாசிக்கும்போது மறுபடி போங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து ஏரவாடாவுக்கே மெட்ரோ நிலையம் வந்துவிட்டது, டெக்கான் பக்கத்து அரங்குகளுக்குக் கூட ஆட்டோக்காரரோடு பேரம் பேசாமல் போய்வரலாம். லூப் அட்சரம் பிசகாமல் அதேதான் இருக்கும். போன முறை அவர் நுழைந்த இடத்திலேயே இந்த முறையும் நுழைகிறாரா என்று கேளுங்கள். வேறு இடத்தில் நுழைந்தால் இடைவேளையில் போய் அதை அவரிடம் சொல்லுங்கள். தனியாக வாசிப்பவருக்கு அதைச் சொல்லப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.