ஸ்மோர்ஸ் சொல்லித்தந்த ஆட்டம்

மரக்கிளைமேல் கட்டிய பலகைக் குடிலில் பையன்கள் பேய்க்கதை கேட்கக் காத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பருத்தவனான ஹாம் போர்ட்டர், புதிதாகச் சேர்ந்த ஸ்காட்டி ஸ்மால்ஸைப் பார்த்து ஸ்மோர்ஸ் வேண்டுமா என்று கேட்கிறான். அப்படியொரு தின்பண்டம் இருப்பதே ஸ்மால்ஸுக்குத் தெரியாது. 'என்னைக் கொல்கிறாய், ஸ்மால்ஸ்!' என்று ஹாம் சலித்துக்கொள்கிறான், ஆனால் விட்டுவிடவில்லை. இது பிஸ்கட், இதன்மேல் சாக்லேட், குச்சியில் குத்தி வாட்டிய மார்ஷ்மெல்லோ, மேலே இன்னொரு பிஸ்கட், அவ்வளவுதான் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டிச் செய்து, கடைசியில் வாயில் திணித்தும் காட்டுகிறான்.

1993 ஏப்ரலில் வெளியான 'தி சாண்ட்லாட்' படத்தில் ரசிகர்கள் சிரித்துச் சிரித்து மனப்பாடம் செய்த காட்சி இது. ஹாம் சலித்துக்கொள்ளும் அந்த ஒற்றை வசனம் அமெரிக்காவில் பனியன்களில் அச்சாகும் அளவுக்குப் புகழ் பெற்றது. விளையாட்டை அலசுகிறவர்களுக்கு அதில் சிரிப்பைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. படத்தில் பையன்களின் காலி மனையில் வரும் பேஸ்பால் பயிற்சி முழுவதும் இதே முறையில்தான் நடக்கிறது. தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் செய்து காட்டுகிறான். தெரியாதவன் உடனே செய்து பார்க்கிறான். நடுவில் பெரியவர் யாரும் இல்லை.

டேவிட் மிக்கி எவன்ஸ் இயக்கி, ராபர்ட் கன்டருடன் சேர்ந்து எழுதிய படம். வளர்ந்த ஸ்மால்ஸின் குரலில் கதை சொல்பவரும் எவன்ஸ்தான். கதை நடப்பது 1962 கோடையில், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில். படம் பிடித்ததோ யூட்டா மாநிலத்தில். திரையரங்குகளில் நடுத்தரமாக ஓடி, பிறகு வீடியோ கேசட் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பத்து வயதில் இதைப் பார்த்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஸ்மால்ஸ் பெயரளவில்கூட அறியாதவை இரண்டு. ஸ்மோர்ஸ் ஒன்று, பேப் ரூத் இன்னொன்று. 714 ஹோம் ரன் அடித்த ரூத், அமெரிக்க பேஸ்பாலின் மிகப் பெரிய பெயர். 1932-ல் வட அமெரிக்கா போன கிரிக்கெட் வீரர் டான் பிராட்மேன், நியூயார்க்கின் யாங்கீ மைதானத்தில் சந்தித்த மனிதர். அந்தப் பெயரை யாரோ ஒரு பெண்மணி என்று நினைக்கிறான் ஸ்மால்ஸ். அதனால்தான் பந்து இல்லாத ஒரு நாளில், ரூத் கையெழுத்திட்ட பந்தை மாற்றாந்தந்தையின் அறையிலிருந்து எடுத்துவந்து விளையாடக் கொடுக்கிறான். அதையே வேலிக்கு அப்பால் அடித்து, வாழ்க்கையின் முதல் ஹோம் ரன்னையும் பெறுகிறான். வேலிக்கு அப்பால் இருப்பது, பையன்களின் கற்பனையில் பூதமாக வளர்ந்துவிட்ட ஒரு மாஸ்டிஃப் நாய்.

அதற்கு முன் அவனுக்குப் பந்தைப் பிடிக்கவும் தெரியாது, எறியவும் தெரியாது. வீட்டில் மாற்றாந்தந்தை பில் சொல்லிக்கொடுக்கிறார். பந்தின் மேலேயே கண் வை என்பது அவர் தரும் அறிவுரை. பந்து கண்ணிலேயே வந்து விழுகிறது. மைதானத்தில் கூட்டத்தின் தலைவன் பென்னி ரோட்ரிகஸ் செய்வது வேறு. கையுறையை உயர்த்திப் பிடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். தூரத்திலிருந்து ஓங்கி அடித்துப் பந்தை அந்தக் கையுறைக்குள்ளேயே இறக்குகிறான். எறிவதற்கு அவன் தரும் குறிப்பும் அதே அளவுக்குச் சுருக்கம்: செய்தித்தாள் போடுகிற பையன் வீட்டு வாசலில் பேப்பரை வீசுவது மாதிரி வீசு.

இது சினிமா சாமர்த்தியம் மட்டும்தானா? உடலியக்கக் கற்றலை ஆராய்ந்த காப்ரியேலே வுல்ஃபும் அவருடைய சகாக்களும் 1998-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் சிலரை ஏற்றி, ஒரு குழுவிடம் தங்கள் பாதம் தரும் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் பாதத்துக்கு அடியில் இருக்கும் சக்கரங்களின் மீது விழும் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். சொற்களில் வித்தியாசம் மிகச் சிறியது. ஆனால் உடலை மறந்து சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். பென்னியின் குறிப்பும் இந்த வகைதான். முழங்கை எங்கே, தோள் எங்கே, எந்தக் கால் முன்னே என்று அவன் பட்டியல் போடவில்லை. பேப்பர் போய் விழும் வாசலைக் காட்டினான். கை தன் வேலையைத் தானே கண்டுகொண்டது. ஒரே பகலில் ஒருவனின் எறி இவ்வளவு திருந்துவது படத்துக்காகச் செய்த சுருக்கம் என்பது உண்மை. முறை மட்டும் சரியான முறை.

பென்னியின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டும் அதே கண்ணோடு ஹாமின் சமையலையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தொழில்நுட்பப் பிழை இருக்கிறது. மார்ஷ்மெல்லோ தீப்பிடித்து எரியும் வரை காத்திரு என்பது அவன் கணக்கு. அமெரிக்க சாரணியர் அமைப்பு 1927-ல் அச்சிட்ட முகாம் புத்தகத்தில் இந்தப் பண்டத்தின் செய்முறை வருகிறது. எட்டுப் பேருக்கு 16 கிரஹாம் கிராக்கர், 8 சாக்லேட் பட்டை, 16 மார்ஷ்மெல்லோ என்பது அதன் அளவு. வாட்ட வேண்டியது கொழுந்துவிட்ட தீயில் இல்லை, கங்கில்.

காரணம் எளிது. மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரைப் பாகையும் ஜெலட்டினையும் அடித்து, உள்ளே காற்றை அடைத்து வைத்த பண்டம். மெதுவாகச் சூடேறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து அது உப்பும், ஜெலட்டின் இளகும், மேல்தோல் பொன்னிறமாகி முறுகும். தீயில் நீட்டினால் வெளித்தோல் சில நொடிகளில் கருகிவிடும். நடுவில் இருப்பது இளகாமலே கிடக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. பெரும்பகுதி காற்றாக இருப்பதால் மார்ஷ்மெல்லோ தேக்கி வைத்திருக்கும் சூடு கொஞ்சம்தான். தடித்த சாக்லேட்டை அதனால் முழுதாக உருக்க முடியாது. சாக்லேட் வைத்த பிஸ்கட்டை முதலில் கங்கின் அருகே சிறிது நேரம் வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம். வீட்டில் ஓவன் இருந்தால் வேலை இன்னும் சுலபம்: தட்டில் பிஸ்கட், அதன்மேல் சாக்லேட், அதன்மேல் மார்ஷ்மெல்லோ, மேல்சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம், கண்ணை எடுக்காமல். கிரஹாம் கிராக்கர் கிடைக்காத இடத்தில் டைஜஸ்டிவ் பிஸ்கட் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மார்ஷ்மெல்லோவை இயந்திரத்தில் குழாய் வழியாகப் பிதுக்கி, வெட்டி, பையில் அடைக்கும் முறையை அலெக்ஸ் டூமாக் கொண்டுவந்தது 1950-களை ஒட்டித்தான். 1962-ல் ஒரு சிறுவன் மரக்குடிலுக்கு ஒரு பை மார்ஷ்மெல்லோவோடு ஏறுவது அந்தக் காலத்துக்குப் பொருந்தும் காட்சி. அரிசிப் பொரி சீரியலை வெண்ணெயிலும் மார்ஷ்மெல்லோவிலும் புரட்டித் துண்டு போடும் ரைஸ் கிறிஸ்பீஸ் ட்ரீட்டும் அந்தத் தலைமுறை பையன்கள் வீட்டுப் பலகாரம்தான். 1939-ல் கெலாக்ஸ் நிறுவனத்தின் மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள் உருவாக்கியது. முகாம் போகும் சிறுமியர் அமைப்பு ஒன்று நிதி திரட்ட அது உதவியது.

சாரணியர் புத்தகம், கெலாக்ஸின் இரு பெண்கள், முகாம் சிறுமியர் என்று இந்தப் பலகாரங்களின் வரலாறு முழுக்கப் பெண்கள். படத்திலோ அவர்களுக்கு இடமே இல்லை. எதிரணிப் பையன்களோடு நடக்கும் வசைப் போட்டியில், பெண்பிள்ளை மாதிரி ஆடுகிறாய் என்பதுதான் எல்லோரையும் வாயடைக்க வைக்கும் உச்ச அவமானம். நீச்சல் குளக் காட்சி அதைவிட மோசம். கூட்டத்தில் ஒருவனான ஸ்க்விண்ட்ஸ் மூழ்குவது போல நடித்து, உயிர்காக்க ஓடிவந்த வெண்டி பெஃபர்கார்னை இழுத்து முத்தமிடுகிறான். படம் அதை வீரச்செயலாகக் கொண்டாடி, பின்னாளில் இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்து ஒன்பது பிள்ளைகளையும் கொடுத்துவிடுகிறது. ஏமாற்றிப் பெற்ற முத்தத்துக்குப் பரிசு தரும் இந்தக் காட்சியைப் பிள்ளைகளோடு பார்க்கும் பெற்றோர், படத்தை நிறுத்தி அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். பால்ய நினைவு இனிக்கிறது என்பதற்காக இதை விழுங்கிக்கொள்ள முடியாது.

அந்த வசைக்கு பேஸ்பால் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1931 ஏப்ரல் 2 அன்று டென்னசியின் சட்டனூகா நகரில் நடந்த காட்சிப் போட்டியில், 17 வயது ஜாக்கி மிட்செல் பந்து வீசி பேப் ரூத்தையும் அவருடைய யாங்கீஸ் அணித்தோழர் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து ஸ்டிரைக் அவுட் ஆக்கினார். அது ஏற்பாடு செய்த விளம்பரமா, நிஜமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சிறுவர்களுக்கான லிட்டில் லீக், சிறுமிகளுக்குக் கதவைத் திறந்தது 1974-ல். அதுவும் நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு. 2014-ல் லிட்டில் லீக் உலகத் தொடரில் மோனே டேவிஸ் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் வென்றார். அந்தத் தொடரில் வெற்றி பெற்ற முதல் பெண் பிட்சர் அவர்.

படம் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம், காலி மனையின் ஆட்டமுறை. ஸ்மால்ஸ் சேர்ந்தால் ஆட்கள் சரியாக ஒன்பது. ஓர் அணிக்குத்தான் காணும். ஆகவே அவர்கள் எதிரணி வைத்துக்கொள்வதில்லை, ஸ்கோர் எழுதுவதில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்கிறார்கள். டெநூன்யஸ் வீசுகிறான், ஹாம் கேட்சராக உட்கார்ந்து மட்டையாளரைச் சீண்டிக்கொண்டே இருக்கிறான், ஒவ்வொருவருக்கும் முறை வருகிறது. கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் கோத்தே இப்படிப்பட்ட சுதந்திர விளையாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பிள்ளைகள் தாங்களே விதி அமைத்து ஆடும் ஆட்டம், பயிற்சியாளர் கட்டளையில் நடக்கும் ஆட்டத்தைப் போலவே திறனுக்கு அடித்தளம் என்பது அவர் வாதம். விசில் ஊதிக் காத்திருக்க வைக்க யாரும் இல்லாததால், ஒரு பகலில் ஒரு பையனின் கைக்குப் பந்து எத்தனை முறை வரும் என்று யோசித்தாலே அது புரியும். சீருடை போட்ட லிட்டில் லீக் அணி சவால் விட்டு வந்து தோற்றுப்போவது நம்பத்தகுந்த முடிவு.

பென்னியின் ஆட்டம் தனியாகக் கவனிக்க வேண்டியது. அவனுடைய பலம் கால். 1962 லாஸ் ஏஞ்சலஸுக்கு இதைவிடப் பொருத்தமான கதாநாயகன் இருக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நகரின் அணியான டாட்ஜர்ஸின் மைதானம் திறந்தது. அந்தப் பருவத்தில் டாட்ஜர்ஸ் வீரர் மௌரி வில்ஸ் 104 முறை பேஸ் திருடி (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடி), 1915-ல் டை காப் வைத்த 96 என்ற சாதனையை உடைத்தார். படத்தின் முடிவில் வளர்ந்த பென்னி டாட்ஜர்ஸ் சட்டையில் மூன்றாவது பேஸிலிருந்து ஹோமைத் திருடுகிறான். இந்த ஆட்டத்தின் மிகத் துணிச்சலான செயல் அதுதான். மூன்றாவது பேஸிலிருந்து ஹோமுக்கு 27 மீட்டருக்குச் சற்று அதிகம். பிட்சர் வீசும் பந்து கடக்க வேண்டியது 18 மீட்டர், அதற்கு அரை நொடிகூட ஆகாது. பிட்சர் கையைச் சுழற்றத் தொடங்கும் கணத்தைக் களவாடினால்தான் ஓடுபவனுக்கு வாய்ப்பு. ஜாக்கி ராபின்சன் தன் லீக் ஆட்டங்களில் 19 முறை இதைச் செய்தவர்.

ராபின்சன் பெயர் வந்ததும் படத்தின் மிகப் பெரிய மௌனத்துக்கு வந்துவிடுகிறோம். நாய்க்குச் சொந்தக்காரர் மெர்டில், பார்வை இழந்த முன்னாள் ஆட்டக்காரர், கறுப்பினத்தவர். ரூத்தின் சாதனையையே உடைத்திருப்பேன் என்கிறார். சுவரில் ரூத்தோடும் கெரிக்கோடும் அவர் நிற்கும் படம் தொங்குகிறது. நாய் கடித்து நாசமாக்கிய ரூத்தின் பந்துக்குப் பதிலாக, 1927 யாங்கீஸ் அணி முழுதும் கையெழுத்திட்ட பந்தைத் தருகிறார். வாரம் ஒருமுறை வந்து தன்னோடு பேஸ்பால் பேச வேண்டும் என்பதே அவர் கேட்கும் விலை. நெகிழ்ச்சியான காட்சிதான். ஆனால் ரூத்தின் காலத்தில் கறுப்பின வீரர் எவருக்கும் மேஜர் லீகில் இடமில்லை. 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களமிறங்கும் வரை அந்த நிலை நீடித்தது. ரூத் கறுப்பின அணிகளோடு காட்சிப் போட்டிகளில் ஆடியதுண்டு. சாதனைப் பட்டியலில் அவரோடு போட்டியிடும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவே இல்லை. மெர்டிலைத் தடுத்தது பார்வையைப் பறித்த பந்துதான் என்பது போலப் படம் நகர்ந்துவிடுகிறது.

படத்தின் உடையமைப்பாளர்களுக்கு இந்த வரலாறு தெரிந்தே இருக்க வேண்டும். டெநூன்யஸ் தலையில் இருக்கும் தொப்பி கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியுடையது. ராபின்சன் 1945-ல் ஆடிய கறுப்பினத்தவர் லீக் அணி அது. அந்த லீக்குகளின் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் 2024-ல்தான் தன் பதிவேட்டில் சேர்த்தது. சேர்த்ததும் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பின் .367-ஐத் தாண்டி, ஜோஷ் கிப்சன் .372-ஓடு முதலிடத்துக்கு வந்தார். மெர்டிலாக நடித்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுக்கும் இந்த வரலாறு அன்னியமில்லை. 1976-ல் 'பிங்கோ லாங்' படத்தில் கறுப்பினத்தவர் லீக் வீரராக நடித்தவர் அவர். 1987-ல் 'ஃபென்சஸ்' நாடகத்தில், நிறத்தால் வாய்ப்பு மறுக்கப்பட்ட முன்னாள் பேஸ்பால் வீரராக மேடையேறி டோனி விருதும் வாங்கினார். அவரிடம் ஒரு வசனம் கொடுத்திருந்தால் போதும். ஸ்மால்ஸ் அதையும் கற்றுக்கொண்டிருப்பான்.