கூலிக் கணக்கும் கதைக் கணக்கும்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் சம்பள நாள் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி. கிராணி பெயர் சொல்லி அழைக்கிறார். தொழிலாளி கைநாட்டு வைக்கிறார். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தோடு வாசலிலேயே காத்திருக்கிறார். எஞ்சிய சில்லறை கள்ளுக்கடையை நோக்கி நடக்கிறது. நீலாய், லாபு, பத்தாங் பெனார் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி கற்பனையன்று. ஆயின் இக்கதைகள் பெரும்பாலும் ஒரே வினாவை எழுப்புகின்றன: கையில் வாங்கிய கூலியைப் பறித்தவர் யார்? அந்தக் கூலி ஏன் அவ்வளவாக இருந்தது, அதை அவ்வாறு அறுதியிட்டவர் யார் என்னும் வினா எழுவதே அரிது. அவ்வினாவைப் பொருளாதார ஆய்வாளர் எழுப்பினர். அவர்கள் தந்த விடையைத் தமிழ் இலக்கியத் திறனாய்வு போதிய அளவு பொருட்படுத்தவில்லை.

அவ்விடைகளுள் பெரும் செல்வாக்குப் பெற்றது ஆர்தர் லூயிஸ் தந்தது. மேற்கிந்தியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்து, 1979இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற அவர், 1954இல் மான்செஸ்டரிலிருந்து வெளிவரும் ஆய்விதழ் ஒன்றில் அளவற்ற உழைப்பாளர் வரத்தைப் பற்றி ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். கரும்புத் தோட்டத்தின் விளைச்சல் எத்தனை மடங்கு பெருகினாலும் அத்தோட்டத் தொழிலாளி வெறுங்காலோடு குடிசையில் வாழ்வது ஏன் என்பது அதில் அவர் ஆராயும் வினாக்களுள் ஒன்று. தோட்டக் கூலியை முடிவு செய்வது தோட்டத்தின் விளைச்சலன்று. அத்தொழிலாளி விட்டு வந்த ஊரில், வானம் பார்த்த நிலத்தில், அவனுக்குக் கிடைக்கக்கூடிய கஞ்சியின் அளவே என்பது அவர் விடை. அங்கே வறுமை நிலைத்திருக்கும் வரையில் இங்கே கூலி உயராது. உற்பத்திப் பெருக்கத்தின் பயன் மலிவான சர்க்கரையாக வெளிநாட்டு நுகர்வோரையே சென்றடையும். சர்க்கரை என்னும் சொல் நிற்கும் இடத்தில் ரப்பர் என்று எழுதிப் பார்த்தால், திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வரலாறு இக்கட்டுரைக்குள் முழுமையாக அடங்கிவிடுவது போலத் தோன்றும்.

தோன்றுவது உண்மை, அடங்குவதில்லை. ‘அளவற்ற வரத்து’ என்னும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. மலாயாவுக்கு வந்த உழைப்பு ஆற்றுநீர் போலத் தானாகப் பாய்ந்து வந்ததன்று. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டித் தொழிலாளரின் கப்பற் செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. நிலைக்கூலியை அறுதியிட்ட குழுவில் தோட்ட முதலாளிகளும் அமர்ந்திருந்தனர். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியும் நலவாழ்வும் உடைய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முடிவாயிற்று. சந்தை என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் வாங்குவோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து விலை பேசினர். விற்போருக்கு அங்கே நாற்காலி இல்லை. (பெண்ணின் 10 காசுக் குறைவுக்கு எக்கோட்பாடும் நேரிய விளக்கம் தருவதில்லை என்பதையும் இடையே குறித்துக்கொள்ளலாம். அவள் வெட்டிய மரம் குறைவாகப் பால் சுரக்கவில்லை.)

அடுத்து வந்த ஆண்டுகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. 1925இல் ஓர் இராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விலைபோயிற்று. 1932இல் அது பத்துக் காசுக்கும் கீழே வீழ்ந்தது. 1930இல் கூலி 40, 32 காசுகளாக வெட்டப்பட்டது. வெட்டு அத்துடனும் நிற்கவில்லை. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளரும் குடும்பத்தினரும் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறும்போது கொண்டுவருவதற்கும், இறங்கும்போது கொண்டுபோய்விடுவதற்கும் ஒரே கப்பல். வேலையின்மை மலாயாவின் கணக்கில் ஏறவில்லை. தமிழக ஊர்களின் கணக்கில் எழுதப்பட்டது. பின்னர் 1938இல் 50 காசுக் கூலி 45 ஆக மீண்டும் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. வரத்து அடைபட்டது. மூன்றே ஆண்டுகளில், 1941இல், கிள்ளான் தோட்டங்களில் பெருவேலைநிறுத்தம் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அளவற்றது எனக் கருதப்பட்ட வரத்து ஓர் அரசாணையால் அளவுடையதாயிற்று. உடனே கூலியைப் பற்றிய பேச்சும் மாறிற்று. லூயிசுக்கு நீதி செய்தல் வேண்டும்: பேரரசுகள் ஆப்பிரிக்க மக்களின் நிலத்தைப் பறித்தும் தலைவரி விதித்தும் அவர்களைக் கூலிவேலைக்குத் தள்ளியதை அவரே வன்மையாக எழுதியுள்ளார். எனினும் அவருக்குப் பின் வந்தோர் அந்தப் பத்தியை மறந்துவிட்டுச் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

கூலியைப் போலவே நாணயமும் தோட்டத்திற்கு வெளியே முடிவாகியது. 1906இல் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி, 2 ஷில்லிங் 4 பென்சுக்கு நிலைநிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் பவுன் இருப்பில் சேர்ந்தால்தான் உள்ளூரில் புதுநோட்டு வெளியிடலாம் என்பது நாணய வாரியத்தின் விதி. ஆகவே ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி மட்டுமன்று, நாட்டில் புழங்கிய பணமே சுருங்கிற்று. கடைக்காரர் கடன் கொடுக்க மறுத்ததை அவருடைய கல்நெஞ்சுக்கே உரியதாக்கும் கதைகள், அவருக்குச் சரக்குக் கொடுத்த நகரத்து வணிகரும் அவ்வாறே மறுத்ததைக் காண்பதில்லை.

இதைவிட நெருக்கமான சான்று 1967இல் கிடைத்தது. 1959இல் தோன்றிய நாட்டின் மைய வங்கி, 1967 ஜூன் மாதத்தில் புதிய நோட்டுகளை வெளியிட்டது. பழைய நோட்டும் புதியதும் ஒரே மதிப்பில் புழங்கின. நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. பவுனோடு பிணைந்திருந்த பழைய நோட்டு மட்டும் அதனுடன் சேர்ந்து இறங்க, ஒரு பழைய வெள்ளி 85 காசாயிற்று. பினாங்கில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன. வங்கியில் பணம் வைத்திருந்தவரை விட, தகரப் பெட்டியில் துணிக்கடியில் நோட்டாகச் சேர்த்து வைத்தவரே இதில் இழந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் ஜப்பானியரின் வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறுங்காகிதமாகியிருந்தது. ஒரே தலைமுறை இருமுறை இழந்தது. இவ்வளவு கண்ணீருக்கு இடம் தரும் இந்நிகழ்ச்சி, தோட்டக் கதைகளில் கள்ளுக்கடைக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்கும் பெறவில்லை.

வங்கி இல்லாத லயத்தில் வங்கியின் பணியைச் செய்தது கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்தோ ஏலம் கூறியோ ஒருவர் மொத்தமாக எடுப்பது. திருமணமும் காதுகுத்தும் பிள்ளையின் பள்ளிச் செலவும் இதனால்தான் நடந்தன. எடுத்தவர் ஓடிவிட்டால் எஞ்சியோர் கதி அதோகதி என்பதும் உண்மை. 1971இல் இதனைத் தடை செய்து சட்டம் வந்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் தமிழ்ச்சொல் நிற்கிறது. தமிழர் பொருளியல் வாழ்வு நாட்டின் சட்டநூலுக்குத் தந்த சொல் அதுவே என்பது பெருமைக்குரியதா என்பதை ஆசிரியர்கள் மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம். சேமிப்பு நல்வழி கண்ட நிகழ்ச்சியும் உண்டு. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதை உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதிய காலத்திலேயே, துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டுபடவிருந்த தோட்டங்கள் தொழிலாளர் பங்குப் பணத்தில் வாங்கப்பட்டன. ஆய்வறிக்கையும் செயலும் அருகருகே நடந்த அரிய காலம் அது.

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ (1977) தமிழகத்து வாசகர்க்கு இத்தோட்டங்களைக் காட்டியது. அவ்வழியிலும் அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட இந்நாட்டுப் படைப்புகளின் வலிமை, வலியை உள்ளிருந்து சொன்னது. அது சிறிய வலிமையன்று. ஆயின் கொடுமைக்கெல்லாம் கங்காணியின் முகத்தை மாட்டிவிடும் பழக்கம் படைப்பாளிக்கு எளிதாகிவிட்டது. கங்காணி தலைக்காசு வாங்கினார், அடித்தார், ஏமாற்றினார். ஆனால் கூலியை அவர் அறுதியிடவில்லை. 1969இல் குடியுரிமை அற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமாகி, சற்றொப்ப 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியபோது எந்தக் கங்காணியும் அவர்களை அனுப்பவில்லை. முகமற்ற கொடுமையை எழுதுவது கடினம். கடினமானதை எழுதத்தானே நாவல் என்னும் வடிவம்?

ஆய்வாளரிடம் உள்ள குறை இதற்கு நேர்மாறானது. அவர்கள் அட்டவணையில் தொழிலாளி ஓர் எண்; விடியற்காலைப் பிரட்டில் நின்று, மழை பெய்தால் அன்றைய பேர் போய்விடுமே என்று வானத்தைப் பார்க்கும் ஆள் அல்லர். மழைநாளின் கூலியிழப்பு எந்த நிலைக்கூலிக் கணக்கிலும் முழுமையாகத் தெரிவதில்லை. அதைக் கதைகளே காப்பாற்றி வைத்துள்ளன.

நீலாயின் பால்மரக் காடுகளில் பெரும்பகுதி இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் பல்கலைக்கழக வளாகங்களாகவும் மாறிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் 2013இல் மாதம் 900 வெள்ளி எனச் சட்டவழி வகுக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் 2025இல் 1,700 வெள்ளியாகியுள்ளது. தோட்டத்தை விட்டு வெளியேறியோரின் பேரப்பிள்ளைகள் இவ்வளாகங்களில் பொருளாதாரம் பயில்கின்றனர். அருகிலுள்ள தொழிற்சாலைகளுக்கு இந்நாளில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். அவர்கள் முகவருக்குக் கட்டிய கடனைப் பற்றிய கதை தமிழில் இன்னும் எழுதப்படவேண்டியதாகவே இருக்கிறது.