கட்டிலில் கட்டப்பட்ட கை

ஈரானிய இயக்குநர் அஸ்கர் பர்ஹாதியின் 'நாதிர் - சிமீன் பிரிவு' (2011) ஒரு விவாகரத்துக் கதையாகவே பேசப்பட்டு வந்துள்ளது. என் நோக்கில் அதன் மையம், மறதி நோய்க்கு ஆளான நாதிரின் வாப்பாதான்.

சிமீன் வெளிநாடு செல்ல விரும்புகிறாள். வாப்பாவை விட்டு வர நாதிர் மறுக்கிறான். அவனது நியாயத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால், அவன் வேலைக்குப் போன பின் அவரைப் பார்ப்பவள் கூலிக்கு வரும் கர்ப்பிணியான ராஸியா. முதியவர் உடையை நனைத்துவிட, அந்நிய ஆணின் உடையை மாற்றலாமா என்று தொலைபேசியில் மார்க்கத் தீர்ப்புக் கேட்கிறாள். ஒருநாள் அவர் தெருவில் இறங்கிவிடுகிறார். பிறகொரு நாள், அவரது கையைக் கட்டிலில் கட்டிவிட்டு அவள் வெளியே போகிறாள்.

எமது சிறுகதைகள் பலவற்றில் முதியோர் இல்லம் என்பது இரக்கமற்ற மருமகளின் சதி. பெற்றோரைச் 'சீ' என்றும் சொல்லலாகாது எனும் குர்ஆனியக் கட்டளையோடு கதை முடிந்துவிடும். பர்ஹாதி அங்கிருந்துதான் தொடங்குகிறார். வீட்டில் வைத்திருப்பது மட்டும் பராமரிப்பாகுமா? தெருவில் தொலைவதும் கட்டிலில் கட்டுண்பதும், இனி வீடு போதாது என்பதன் அடையாளங்கள் அல்லவா?

வழக்கு முற்ற முற்ற முதியவர் பின்னணிக்குப் போய்விடுவது படத்தின் குறை. கட்டை அவிழ்த்த பின் அவரை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது? அக்கதையை எம்மவர் ஒருவர், யாரையும் குற்றவாளியாக்காமல் எழுத வேண்டும்.