வரிசையும் சொல்லும்: அரங்கேற்றுகாதை வழி ஒரு நோக்கு

பெங்களூரில் கருநாடக இசை பயிலத் தொடங்கும் சிறார், மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு தாள அலங்காரம் ஆகியவற்றைப் பாடியபின் மலகரிக் கீதத்தை அடைகின்றனர். இம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் (1484-1564) என்பது மரபு. பயிற்சியை மதிப்பிட ஜூனியர், சீனியர், வித்வத் எனக் கருநாடக மாநிலத் தேர்வுகள் படிநிலையாக அமைந்துள்ளன.

வரிசைகளில் சுரம் உண்டு, சொல் இல்லை. மூன்று காலங்களில் பாடப்பெறும் இவை சுருதித் தூய்மையையும் தாள உறுதியையும் தருவன, இப்பயன் மறுத்தற்கரியது. ஆயினும் கீதத்தில் சொல் நுழையும்போது, அதனை ஒலிக்கவும் பிரிக்கவும் பழக்கும் வரிசை எதுவும் முன்னர் அமையவில்லை. எனவே, தமிழ்க் கீர்த்தனைகளில் லகர, ளகர, ழகரங்கள் மயங்குகின்றன. தாளத்திற்காகச் சொல் பிளவுபட்டுப் பொருள் சிதைகிறது.

சிலப்பதிகார அரங்கேற்றுகாதை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோருடன் தமிழ்ப் புலவனின் தகுதியையும் இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். அது ஆடல் அரங்கேற்றமே, வாய்ப்பாட்டுத் தேர்வு அன்று எனலாம். எனினும், கலைக்குச் சொல்லறிவு புறம்பானது அன்று என்னும் கருத்து அதில் தெளிவு.

ஆதலின், தமிழ்ப் பாடலைப் பாடுமுன் சொல் பிரித்துப் படித்துப் பொருள் உரைத்தலைச் செய்முறைத் தேர்வின் ஓர் உறுப்பாக்குதல் வேண்டும். மதிப்பிடுவோருள் மொழியறிந்தார் ஒருவர் இருத்தலும் வேண்டும். இயலைத் தேராத தேர்வு இசையையும் முழுமையாகத் தேர்ந்ததாகாது.